இரண்டாவது குரல் இல்லாத பாட்டுக்காரன்: ‘இன்சைட் லூயின் டேவிஸ்’

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் படத்தில் நாயகன் ஜெயிக்க மாட்டான். கடைசி இருபது நிமிடத்தில் ஒரு பெரிய மேடை வரும், அரங்கமே எழுந்து நின்று கைதட்டும், அதுவரை திட்டியவர்கள் எல்லாம் கண் கலங்குவார்கள் என்று காத்திருந்தால் அது வரவே வராது. பாட்டுக்காரனைப் பற்றிய படம் என்றால் அப்படித்தான் முடியும் என்று பழகிவிட்டதால், முதல் முறை பார்த்தபோது எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. பாட்டு நன்றாக இருக்கிறது, ஒளிப்பதிவு நன்றாக இருக்கிறது, சரி, கதை எங்கே என்று கேட்டுக்கொண்டே மடிக்கணினியை மூடிவிட்டேன். அப்புறம் ஒரு வாரம் அந்தப் பாட்டுகள் என்னை விடவில்லை. பஸ்ஸில், சமையலறையில், தூங்கப் போகும்போது எல்லாம் அதே கிதார். திரும்பப் பார்த்தேன். இதுவரை மூன்று முறை ஆகிவிட்டது, இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஐந்தாறு படங்களில் இதுவும் ஒன்று.

2013-ல் வந்த படம். எழுதி இயக்கியவர்கள் ஜோயல் கோயன், ஈத்தன் கோயன் சகோதரர்கள். அந்த வருடம் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரீ, அதாவது அங்கே இரண்டாவது பெரிய விருது, இதற்குத்தான். கதை நடப்பது 1961 பிப்ரவரியில், நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில். லூயின் டேவிஸ் என்ற இளைஞன், கையில் ஒரு கிதார், வீடு கிடையாது, அந்த ஊர்ப் பனிக்கு ஒரு நல்ல கோட்டுகூடக் கிடையாது. இன்று ஒருவர் வீட்டு சோபா, நாளை இன்னொருவர் வீட்டுத் தரை. தனியாக ஒரு இசைத்தட்டு போட்டிருக்கிறான், அது விற்கவில்லை, கம்பெனிக்காரரிடம் காசு கேட்டுப் போனால் பேச்சை மாற்றுகிறார். ஏறக்குறைய ஒரு வாரம், இவன் அங்கேயும் இங்கேயும் அலைவதுதான் படம். கதை என்று கேட்டால் இவ்வளவுதான் சொல்ல முடியும்.

‘ஃபோக்’ என்ற சொல்லை நாம் நாட்டுப்புறப் பாட்டு என்று எழுதிவிடுகிறோம், ஆனால் இந்தப் படத்துக்குள் போகும் முன் ஒன்று தெரிந்திருந்தால் நல்லது. அன்று கிரீன்விச் வில்லேஜில் பாடிய பெரும்பாலான இளைஞர்கள் கிராமத்திலிருந்து வந்தவர்கள் இல்லை. நகரத்துப் பிள்ளைகள். பருத்திக்காட்டிலும் சுரங்கத்திலும் சிறையிலும் கப்பலிலும் யாரோ பாடி, யாரோ பதிவு செய்து வைத்த பாட்டுகளை இசைத்தட்டில் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டவர்கள். 1952-ல் ஹாரி ஸ்மித் தொகுத்த பழைய பாட்டுகளின் தொகுப்பு அவர்களுக்கு வேதம் மாதிரி. 1958-ல் கிங்ஸ்டன் டிரியோ என்ற மூவர் குழு பாடிய ஒரு பழைய கொலைப் பாட்டு நாடு முழுக்க ஓடியதும், இதில் பணம் இருக்கிறது என்று கம்பெனிகளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் லூயின் வருகிறான். பாட்டை அப்படியே பாட வேண்டும் என்று நினைக்கிறவன், ஸ்வெட்டர் போட்டுச் சிரித்துக்கொண்டே பாடுகிறவர்களைக் கண்டால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் வாய்தான் அவனுக்குப் பாதி எதிரி.

இனி கதையை உடைத்துத்தான் பேசப் போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

தோற்றுப்போன பாடகனின் கதை என்றுதான் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். நான் இதை வேறு மாதிரி பார்க்கிறேன். லூயின் தனிப் பாடகனே இல்லை, ஒரு ஜோடியில் மிச்சம் இருக்கிற பாதி. மைக் என்ற நண்பனோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தவன். மைக் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்திலிருந்து குதித்து இறந்துவிட்டான். படம் தொடங்குவதற்கு முன்பே இது நடந்து முடிந்துவிட்டது, ஒரு ஃபிளாஷ்பேக்கூடக் கிடையாது. மைக் எப்படிப் பேசுவான், எப்படிச் சிரிப்பான், ஏன் குதித்தான், எதுவும் நமக்குச் சொல்லப்படவில்லை. இசைத்தட்டில் ஒரு குரலாக மட்டும் வருகிறான். லூயின் தங்கியிருக்கும் வீட்டில் காலையில் அந்தத் தட்டைச் சுழலவிடும்போது இரண்டு குரலும் சேர்ந்து வரும், அவ்வளவு அழகாக இருக்கும். மற்ற பாட்டுகளைத் தனியாகப் பாடுகிறவன், அந்தப் பாட்டை மட்டும் தனியாக முழுசாகப் பாடுவதைப் பார்க்க நாம் படத்தின் கடைசிவரை காத்திருக்க வேண்டும்.

கோர்ஃபைன் தம்பதி வீட்டுச் சாப்பாட்டுக் காட்சியை இதற்காகவே கவனித்துப் பாருங்கள். கணவர் பேராசிரியர், இருவருக்கும் லூயின் மீது உண்மையான பாசம், எப்போது வந்தாலும் சாப்பாடு போட்டு சோபா கொடுக்கிறவர்கள். வந்திருக்கும் விருந்தாளிகளுக்காக ஒரு பாட்டு பாடேன் என்று கேட்கிறார்கள். வேண்டாவெறுப்பாகக் கிதாரை எடுத்து அந்தப் பாட்டையே ஆரம்பிக்கிறான். இரண்டு வரி போயிருக்கும், வீட்டுக்கார அம்மா லிலியன் ஆசையாக மைக் பாடும் இரண்டாவது குரலைச் சேர்ந்து பாடுகிறார். உடனே நிறுத்திவிட்டுக் கத்துகிறான். இது என் தொழில், வீட்டுக்கு வந்தவர்களைச் சந்தோஷப்படுத்துகிற விளையாட்டு இல்லை என்கிறான். முதல் முறை பார்த்தபோது என்ன ஒரு நன்றி கெட்டவன் என்று நினைத்தேன். இரண்டாவது முறை பார்த்தபோதுதான் அந்த இடத்தில் என்ன நடந்தது என்று உறைத்தது. செத்துப்போனவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில், கேட்காமல் கொள்ளாமல், அன்போடுதான், இன்னொருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். அதை வாய் திறந்து சொல்ல லூயினுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது கோபம் மட்டும்தான்.

சிகாகோ காட்சிக்கு வருகிறேன், படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கேட் ஆஃப் ஹார்ன் என்ற கிளப்பை நடத்தும் பட் கிராஸ்மன் கண்ணில் பட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று, யார் யார் காரிலோ ஏறிப் பனியில் அவ்வளவு தூரம் போகிறான். தட்டை ஏற்கெனவே அனுப்பியாயிற்று என்று கம்பெனிக்காரர் சொல்லியிருக்கிறார், அங்கே போனால் அப்படி ஒன்று வரவே இல்லை. பகல் நேரம், ஆளில்லாத கிளப், எதிரெதிரே இரண்டு நாற்காலி. தட்டின் பெயரும் ‘இன்சைட் லூயின் டேவிஸ்’தான், அந்தப் பெயரைச் சொல்லியே, உள்ளே இருப்பதில் ஏதாவது ஒன்று பாடு என்கிறார் கிராஸ்மன்.

லூயின் எடுப்பது ஜேன் அரசியின் சாவைப் பற்றிய பழைய ஆங்கிலக் கதைப்பாட்டு. இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றியின் மனைவி ஜேன் சீமோர் 1537-ல் பிள்ளை பெற்ற சில நாளில் இறந்துபோனாள், அதிலிருந்து வளர்ந்த பாட்டு அது. நாள்கணக்காகப் பிரசவ வலி, என் வயிற்றைக் கிழித்தாவது குழந்தையைக் காப்பாற்றுங்கள் என்று ஒவ்வொருவராகக் கெஞ்சுகிறாள் அரசி. வாய்ப்புக் கேட்டு வந்தவன் இவ்வளவு சோகமான, இவ்வளவு மெதுவான பாட்டையா பாடுவான் என்று முதலில் தோன்றும். ஆனால் சற்று முன்புதான் அவனுக்கு ஒன்று தெரிய வந்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் தன்னால் கர்ப்பமான ஒருத்திக்குக் கலைப்பதற்காக டாக்டரிடம் பணம் கட்டியிருந்தான், அவள் கலைக்கவே இல்லை, ஒஹையோவில் ஆக்ரன் என்ற ஊரில் இருக்கும் தன் பெற்றோரிடம் போய்விட்டாள். அதாவது அவனுக்கு ஒரு குழந்தை எங்கோ இருக்கிறது. இப்போது ஜீன் என்ற பாடகியும் கர்ப்பம், அதற்கும் காசு தேட வேண்டும், 1961 நியூயார்க்கில் அது சட்டத்துக்குப் புறம்பான காரியம் வேறு. இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். அவன் வாய்ப்புக்காகப் பாடவே இல்லை என்று தோன்றும்.

பாட்டு முழுசாக ஓடுகிறது. வெட்டவில்லை, பின்னணி இசை ஏற்றவில்லை. லூயினாக நடிக்கும் ஆஸ்கர் ஐசக்கின் முகமும், கிராஸ்மனாகக் கேட்டுக்கொண்டிருக்கும் எஃப். முர்ரே ஆபிரகாமின் முகமும் மட்டும். அந்தப் பெரியவரின் கண்ணில் ஏதோ அசைகிற மாதிரி இருக்கும், கிடைத்துவிட்டது, இவனுக்குக் கிடைத்துவிட்டது என்று நம் மனசு அடித்துக்கொள்ளும். பாட்டு முடிகிறது. கொஞ்சம் மௌனம். இதில் பெரிதாகப் பணம் வரும் என்று தெரியவில்லை என்கிறார். குரலில் கேலியும் இல்லை, இரக்கமும் இல்லை, கடைக்காரர் தராசைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. அப்புறம், நீ முன்னால் நின்று பாடுகிற ஆள் இல்லை, ஒரு மூவர் குழு சேர்க்கிறேன், தாடியைக் கொஞ்சம் ஒழுங்கு செய்தால் அதில் சேரலாம் என்கிறார். இவன் மாட்டேன் என்கிறான். எனக்கு ஒரு ஜோடி இருந்தான் என்கிறான். அதுதான் சரி, பேசாமல் திரும்ப அவனோடு சேர்ந்துகொள் என்கிறார். நல்ல யோசனை, நன்றி ஐயா என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிறான் லூயின். மைக் இல்லை என்று அவருக்குத் தெரியாது, இவன் சொல்லவும் இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஏனென்றால் அந்தப் பெரியவர் சொன்னது உண்மை. பாட்டில் என்ன குறைகிறது என்று அந்த ஒருவர்தான் சரியாகக் கேட்டார்.

திறமை இருந்தால் ஒரு நாள் மேலே வந்துவிடலாம் என்று நமக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! இந்தப் படம் அதைச் சொல்ல மறுக்கிறது. லூயினுக்குத் திறமை இருக்கிறது, நம் காதே சாட்சி. அவன் தோற்பதற்கு அவனுடைய வாய்த்துடுக்கு கொஞ்சம் காரணம், வீம்பு கொஞ்சம் காரணம், காலம் கொஞ்சம் காரணம், வெறும் துரதிர்ஷ்டமும் கொஞ்சம். எதையும் ஒரே காரணமாகக் காட்டவில்லை, அதனால்தான் நம்ப முடிகிறது.

சின்னச் சின்ன விஷயங்களில் இந்த அண்ணன் தம்பி இருவரும் கெட்டிக்காரர்கள். சிகாகோவில் இறங்கியதும் உருகிய பனிக்குழிக்குள் காலை வைத்துவிடுவான். அடுத்த காட்சியில் ஒரு சின்ன உணவகத்தில் காபியோடு உட்கார்ந்திருக்கிறான், கேமரா கீழே போகிறது, ஷூவிலிருந்து பாதி வெளியே இழுத்த கால், ஈர சாக்ஸ். வசனம் ஒன்றும் இல்லை. எனக்கே கால் சில்லிட்டது. அப்புறம் அந்த இசைத்தட்டுப் பெட்டி. விற்காத தன் தட்டுகளை ஒரு பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைகிறான், அல் கோடி என்ற இன்னொரு பாடகனின் வீட்டு மேஜைக்கு அடியில் தள்ளப் பார்த்தால் உள்ளே போகவில்லை. என்ன இடிக்கிறது என்று குனிந்து பார்த்தால், அங்கே ஏற்கெனவே ஒரு பெட்டி இருக்கிறது, அல் கோடியின் விற்காத தட்டுகள். அந்த ஆளாக நடித்தது ஆடம் டிரைவர், பின்னால் பெரிய நட்சத்திரம் ஆகப்போகிறவர். இந்த ஒரு பெட்டியைக் காட்டியே அந்தத் தெருவில் எத்தனை பேர் இப்படி இருந்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

பூனையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கோர்ஃபைன் வீட்டுப் பூனை கதவு இடுக்கில் தப்பி வெளியே வந்துவிட, கதவும் பூட்டிக்கொள்ள, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு சுரங்க ரயிலில் போகிறான். பூனை ஜன்னல் வழியாக ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கடந்து போவதைப் பார்க்கிறது, அதன் பார்வையிலேயே நமக்கும் காட்டுகிறார்கள். ஜீன் வீட்டு ஜன்னல் வழியாக அது மறுபடி ஓடிவிடுகிறது. தேடி, தெருவில் கண்டு பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், அது வேறு பூனை, ஆண் பூனைகூட இல்லை. இங்கே வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அந்த வேறு பூனையைச் சிகாகோ வழியில் காருக்குள் விட்டுவிட்டு, ஒரு நிமிடம் அதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துகிறானே, அங்கே சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டுப் பூனையோ கடைசியில் தானாகவே வீடு திரும்பியிருக்கிறது. அதன் பெயர் யுலிசீஸ். ஊர் ஊராக அலைந்து வீடு சேர்ந்த பழைய கிரேக்க வீரனின் பெயர். பூனை வீடு சேர்ந்துவிட்டது, லூயினுக்குச் சேர வீடே இல்லை.

குறைகளும் இருக்கின்றன. கேரி மல்லிகன் நடித்த ஜீனுக்குத் திட்டுவதைத் தவிரப் பெரிதாக வேலை இல்லை. அந்தக் கோபம் நியாயமான கோபம்தான், அவர் நன்றாகவும் நடித்திருக்கிறார், ஆனால் ஒரே சுருதியில் போகிறது. அவளும் ஒரு பாடகி, கணவன் ஜிம்மோடு மேடையில் பாடுகிறவள், அவளுக்கு என்ன கனவு என்று இன்னும் இரண்டு காட்சி வைத்திருக்கலாம். ஜான் குட்மேன் வரும் கார்ப் பயணமும் எனக்குக் கொஞ்சம் நீளம். ஜாஸ் கலைஞராக வந்து, ஃபோக் பாட்டு என்று நாலு ஸ்வரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று நக்கலடித்துக்கொண்டே வருவார். முதல் பத்து நிமிடம் பிரமாதம், அப்புறம் எப்போது சிகாகோ வரும் என்று இருந்தது.

இதைவிடப் பெரிய குறை ஒன்றை அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். லூயினுக்கு முன்மாதிரி டேவ் வான் ரோங்க் என்ற உண்மையான பாடகர். சிகாகோவுக்குப் போய் ஆல்பர்ட் கிராஸ்மன் முன்னால் பாடி வேலை கிடைக்காமல் வந்தது, வணிகக் கப்பலில் வேலை பார்த்தது எல்லாம் அவர் நினைவுக்குறிப்பில் இருக்கிறது. ஆனால் ஆள் இப்படி இல்லை. ஆஜானுபாகு, வாய் நிறையப் பேச்சு, அரசியல், வருகிறவர்களுக்கெல்லாம் தன் வீட்டு சோபாவைக் கொடுத்தவர். மக்டூகல் தெருவின் மேயர் என்று அவரைச் சொல்வார்கள். இன்று அந்தப் பகுதியில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் இருக்கிறது. அந்த சிநேகம், அந்தச் சிரிப்பு, விடியவிடியச் சீட்டாட்டமும் விவாதமும் இந்தப் படத்தில் இல்லை. அங்கே எல்லோரும் இவ்வளவு குளிராகவா இருந்தார்கள்? இருந்திருக்க முடியாது. அவர்களுடைய வருத்தம் நியாயம் என்றுதான் நினைக்கிறேன். இது கிரீன்விச் வில்லேஜின் சரித்திரம் என்று நினைக்காமல், துக்கத்தில் இருக்கும் ஒருவன் கண்ணுக்குத் தெரிந்த கிரீன்விச் வில்லேஜ் என்று எடுத்துக்கொண்டால் சரியாக வரும். புரூனோ டெல்போனெலின் ஒளிப்பதிவும் அதைத்தான் செய்கிறது. சாம்பல் வெளிச்சம், ஆளை நசுக்குகிற மாதிரி குறுகின நடைவழி, அதன் கோடியில் இரண்டு கதவு ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும்.

பாட்டுகளுக்குப் பொறுப்பு டி போன் பர்னெட். பெரும்பாலான பாட்டுகளைப் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள், வாயசைப்பு கிடையாது. ஐசக் தானே வாசித்து, தானே பாடுகிறார், மூச்சு வாங்குவதும் விரல் நரம்பில் உரசுவதும் கேட்கும். அதனால் தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள். நல்ல ஹெட்போன் போட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

சிகாகோவிலிருந்து திரும்பும் இரவில் காரை ஓட்டிக்கொண்டு வருகிறான். ஆக்ரன் என்ற பலகை வருகிறது, தூரத்தில் ஊர் விளக்குகள். திரும்பிப் பார்க்கிறான், திருப்பத்தைத் தாண்டிப் போய்விடுகிறான். அவ்வளவுதான், அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. நியூயார்க் வந்ததும் பாட்டே வேண்டாம், கப்பல் வேலைக்குப் போய்விடலாம் என்று மாலுமிகள் சங்கத்தில் பாக்கி 148 டாலரைக் கட்டுகிறான், கையில் இருந்தது அத்தோடு சரி. பார்த்தால் மாலுமி உரிமச் சீட்டு இருந்த பெட்டியை அக்கா தூக்கிப் போட்டுவிட்டாள். தூக்கிப் போடு என்று சொன்னதும் இவன்தான். முதியோர் இல்லத்தில் அப்பாவைப் பார்க்கப் போய், அவருக்குப் பிடித்த மீன்பிடிக் கடல் பாட்டைப் பாடுகிறான். முன்னாள் மாலுமி, பேச்சு போய்விட்டது, பாட்டைக் கேட்டு முகம் கொஞ்சம் இளகுகிற மாதிரி இருக்கிறது. அடுத்த நிமிடம், அவர் உட்கார்ந்த இடத்திலேயே மலம் கழித்துவிட்டார் என்று இவனுக்குப் புரிகிறது. இந்தக் காட்சியைக் கொடூரம் என்று சிலர் சொல்வார்கள். வயதான அப்பாவைப் பார்த்துக்கொண்ட யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

முடிவு, தொடக்கத்தில் பார்த்த அதே இரவுதான். கேஸ்லைட் கிளப்பில் பாடுகிறான், பின் சந்தில் ஒரு ஆள் வந்து அடிக்கிறான். ஆனால் தொடக்கத்தில் நமக்குக் காட்டாமல் விட்ட ஒன்றை இப்போது காட்டுகிறார்கள். ஒரு பாட்டு முடிந்ததும் இறங்கிவிடவில்லை, இன்னொன்று பாடுகிறான். மைக்கோடு பாடிய பாட்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெக்சஸில் டிங்க் என்று மட்டும் பெயர் தெரிந்த ஒரு கறுப்பினப் பெண் பாட, ஜான் லோமாக்ஸ் கேட்டுப் பதிவு செய்துவைத்த பாட்டு அது, போய் வா, போய் வா என்று பிரிவு சொல்லும் பாட்டு. இந்த முறை யாரும் இரண்டாவது குரல் சேர்க்கவில்லை, தனியாகவே கடைசிவரை பாடி முடிக்கிறான். அவன் வெளியே போகும்போது அடுத்து ஒரு பையன் மேடையேறியிருக்கிறான், சுருட்டை முடி, மூக்கால் பாடுகிற மாதிரி ஒரு குரல். பாப் டிலன். 1961 ஜனவரியில்தான் நியூயார்க் வந்து இறங்கினார், அந்த வருடம் முடிவதற்குள் கொலம்பியா கம்பெனி ஒப்பந்தம். வான் ரோங்க் தன் பாணியில் அமைத்து வைத்திருந்த ஒரு பழைய பாட்டை டிலன் தன் முதல் தட்டில் பாடிவிட்டதும், அது டிலன் பாட்டு என்று ஊர் சொல்ல ஆரம்பித்து, வான் ரோங்க் அதைப் பாடுவதையே நிறுத்த வேண்டி வந்தது என்பது தனிக் கதை.

எழுத்து ஓட ஆரம்பித்ததும் எழுந்துவிடாதீர்கள். அங்கே ஒரு கரகரத்த குரல் பாடும், நடுவே கார்ப் பயணத்தில் லூயின் பாடிய அதே பாட்டை. அது டேவ் வான் ரோங்கின் குரல்.